பால், தயிர், நெய் இல்லாம வேலைநாள் சமையல்: வெடியால 40 நிமிஷம், பொழுதோட 30 நிமிஷம்

நொய்யல்கரை

வணக்கமுங்க. வீட்டில ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. வெடியால (காலையில) 40 நிமிஷம், பொழுதோட (சாயங்காலம்) 30 நிமிஷம், அவ்வளவுதான் அடுப்படிக்கு ஒதுக்க முடியும். பால், தயிர், நெய், முட்டை வேண்டாம். 3 லிட்டர் குக்கர், மிக்சி, ரெண்டு பர்னர் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் இருக்கு. தோசை மாவு பாக்கெட், ரவை உப்புமான்னு ஓட்டாம, நம்ம ஊர்ச் சாமானிலேயே புரதம் குறையாம, மத்தியானம் டப்பா கெடாம இருக்கிற மாதிரி எப்படித் திட்டம் போடறது? அளவும் நேரமும் சேத்துச் சொன்னீங்கன்னா நெம்ப உதவியா இருக்கும்.

மத்துச்சட்டி

கொங்குச் சமையல்ல பாலும் தயிரும் கேக்காத அயிட்டந்தாங்க அதிகம். கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு குழம்பு, கீரைக் கடைசல், அரிசிம்பருப்பு, செலவு (மசாலாச் சாமான்) ரசம், ராகிக்களி எல்லாமே அப்படித்தான். நெய்யை மேல ஊத்திக்கறது மட்டுந்தான் வழக்கம். அந்த இடத்துல செக்குக் கடலெண்ணெய் ஒரு டீஸ்பூன் பச்சையா ஊத்தினா வாசனையும் வந்துரும்.

நேரத்தைத் திங்கறது ரெண்டே வேலை: பயறு வேகறது, சின்ன வெங்காயம் உரிக்கறது. இந்த ரெண்டையும் வெடியால வெச்சுக்கவே கூடாது.

வாரத்துல ஒரு நாள் 200 கிராம் கொள்ளு, 200 கிராம் தட்டைப்பயறு எடுத்து 8 மணி நேரம் தனித்தனியா ஊற வையுங்க. வேக வைக்கறதும் தனித்தனியாத்தான். தட்டைப்பயறு குழைஞ்சு போற நேரத்துல கொள்ளு பாதிதான் வெந்திருக்கும். 200 கிராம் பயறு வெந்தா ஏறக்குறைய 450 கிராம் வரும். ரெண்டு பேருக்கு ரெண்டு வேளைக்குச் சரி. தண்ணிய வடிச்சுட்டு அகலமான தட்டத்துல பரப்பி ஆற வெச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்குள்ள போயிரணும். ஆழமான போசியில சூடா மூடி வெச்சா நடுவுல சூடு நிக்கும், மறுநாளே புளிச்ச வாசம் வந்துரும். ஃபிரிட்ஜுல 3 நாள் வரைக்கும். அதுக்கு மேல வேணும்னா முதல் நாளே ஃபிரீசர்ல வெச்சுருங்க.

வெங்காயத்துக்கு: அரைக் கிலோ சின்ன வெங்காயத்தை வெதுவெதுன்னு தண்ணியில 10 நிமிஷம் போட்டு, ரெண்டு முனையையும் வெட்டினா தோல் வழுக்கிட்டு வந்துரும். அதோட 50 கிராம் பூண்டு, 400 கிராம் தக்காளி, 80 மில்லி கடலெண்ணெய், 2 டீஸ்பூன் உப்பு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளியப் போட்டு, ஓரத்துல எண்ணெய் பிரியற வரைக்கும், 20, 25 நிமிஷம் வதக்கணும். தக்காளித் தண்ணி வத்தாம இறக்கினா மூணாம் நாளே கெட்டுப் போகும். நல்லா வத்தினது கண்ணாடி பாட்டில்ல ஒரு வாரம் நிக்கும், ஈரக் கரண்டி மட்டும் போடக்கூடாது.

இது ரெண்டும் இருந்தா கடைசல் 8 நிமிஷ வேலை. வெந்த பயறு 200 கிராம், வதக்கல் 3 டேபிள்ஸ்பூன், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், அரை டம்ளர் சுடுதண்ணி. 5 நிமிஷம் கொதிக்க விட்டு, சட்டியில சாச்சு மத்தால கடையுங்க. முக்கால் பங்கு மசியணும், கால் பங்கு முழுசா நிக்கணும். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளிச்சா முடிஞ்சது.

முன்னாடியே ஊறப் போடாத நாளுக்குப் பச்சைப்பயறு கைவசம் இருக்கட்டும். வாசம் வர்ற வரைக்கும் 3 நிமிஷம் வெறும் வாணலியில வறுத்து, கழுவி, ஒரு டம்ளருக்கு 3 டம்ளர் தண்ணி. முதல் விசில் வந்ததும் தீயக் குறைச்சு 10 நிமிஷம். ஊற வைக்க வேண்டியதே இல்லை.

பெருந்துறை_நைட்ஷிப்ட்

அண்ணா, கொள்ளு மட்டும் எனக்கு வசப்படறதே இல்லீங்க. ராத்திரி ஊற வெச்சு 10 விசில் விட்டாலும் தோல் நறுக்குன்னு நிக்குது. போர் தண்ணிதான் புழக்கம். நேரம் மிச்சம் பண்றதுக்குத் தக்காளி, புளித்தண்ணி எல்லாம் ஒரே தடவையா குக்கர்ல போட்டுடறேன்.

கிணத்துத்தண்ணி

ரெண்டு காரணமும் நீங்களே சொல்லீட்டீங்க தம்பி. பயறு மெத்துன்னு ஆகறதுக்கு அதோட செல் சுவர்ல பசை மாதிரி இருக்கிற பெக்டின் கரையணும். போர் தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டினோட ஒட்டிக்கிட்டு இறுக்கிப் புடிச்சுக்கும். புளியும் தக்காளியும் புளிப்பு, அதுவும் கரைய விடாது. ரெண்டும் சேந்தா 15 விசில் விட்டாலும் அப்படித்தான் நிக்கும். அதே கொள்ளை சிறுவாணித் தண்ணியில வேக வெச்சுப் பாருங்க, அது மென்தண்ணி, பாதி நேரத்துல வெந்துரும்.

செய்ய வேண்டியது: ஊற வைக்கறதுக்கும் வேக வைக்கறதுக்கும் குடிதண்ணியே எடுங்க. ஊற வைக்கிற தண்ணியில லிட்டருக்கு 2 டீஸ்பூன் உப்புப் போடுங்க. தோல்ல இருக்கிற கால்சியத்தை உப்புல இருக்கிற சோடியம் வெளிய தள்ளிரும், தோல் வெடிக்காம மெத்துன்னு வேகும். வேக வைக்கறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணிய ஊத்தீட்டு ஒருக்கா அலசீருங்க. புளி, தக்காளி, எலுமிச்சை எல்லாம் பயறு வெந்த பொறகுதான்.

ஆப்பசோடா போட்டாலும் சீக்கிரம் வேகும், ஆனா தயமின் சத்து அழியும், சாஸ்தியானா சோப்பு வாடை அடிக்கும். வேற வழியே இல்லைன்னா ஒரு டம்ளர் கொள்ளுக்கு ரெண்டு விரல்ல கிள்ளின அளவு மட்டும். வருஷக்கணக்கா கெடந்த பழைய கொள்ளா இருந்தா எது பண்ணினாலும் முழுசா வேகாது. வாங்கும்போதே இந்தப் பட்டத்துச் சரக்கான்னு கேளுங்க.

விசில் கணக்கையும் விட்டுருங்க. குக்கர் அளவு, தீ, கேஸ்கட் இறுக்கம் எல்லாத்துக்கும் விசில் மாறும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறுசாக்கி நிமிஷம் பாருங்க. ஊறின கொள்ளுக்கு 20 நிமிஷம், தட்டைப்பயறுக்கு 8, மொச்சைக்கு 12. அப்பறம் ஆவி தானா அடங்கணும். நசுக்கிப் பாக்கும்போது நடுவுல வெள்ளையா மாவுத் திட்டுத் தெரியாம, தோலோட சேந்து விரல்ல அப்பிக்கணும். அதுதான் கொள்ளு வெந்ததுக்கு அடையாளம்.

மத்துச்சட்டி

இன்னொண்ணு: கொள்ளுல அதே நிறத்துல கல் இருக்கும். ரெண்டு போசி வெச்சுத் தண்ணியோட சாச்சுச் சாச்சு அரிச்சாத்தான் போகும், சல்லடையில போகாது. கொள்ளு வெந்த பொறகு வடிச்ச தண்ணியக் கீழ ஊத்தீராதீங்க. 2 டம்ளர் தண்ணியில நெல்லிக்காய் அளவு புளி, ஒரு டீஸ்பூன் மிளகும் ஒரு டீஸ்பூன் சீரகமும் 4 பல் பூண்டும் தட்டிப் போட்டு, நுரை கட்டினதும் இறக்கினா அன்னைக்கு ராத்திரி ரசம் தயார்.

கொள்ளை மத்துல கடையச் சிரமமா இருந்து மிக்சியில போடறவங்க நல்லா ஆற விட்டுப் போடுங்க. சூடா மூடிப் போட்டு ஓட்டினா உள்ள ஆவி அழுத்தி மூடியத் தூக்கி அடிக்கும், கை வெந்து போகும். ரெண்டு சுத்து, அதுவும் விட்டு விட்டு. நைசா அரைச்சா பசை ஆயிரும்.

ஆழியாறு

வெடியால டப்பாவுக்கு அரிசிம்பருப்பை அடிச்சுக்க ஒண்ணும் இல்லீங்க. ஒரே குக்கர், 25 நிமிஷம். ஆனா ஓட்டல்ல போடற அளவுல பருப்பு கம்மி. வீட்டுக்கு இப்படிப் போடுங்க: அரிசி 1 டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர் (200 மில்லி டம்ளர்). ரெண்டையும் சேத்தா 30 கிராம் கிட்ட புரதம் வரும், மூணு பேர் தின்னா தலைக்கு 10 கிராம். மேல ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை தூவினா இன்னும் 4, 5 கிராம். புரதத்தோட கூறான அமினோ அமிலங்கள்ல, அரிசியில குறையற லைசின் பருப்புல இருக்கு, பருப்புல குறையற மெத்தியோனின் அரிசியில இருக்கு, அதனால இந்தச் சேர்க்கை தனிப் பருப்பை விட உடம்புக்கு நல்லா ஒட்டும்.

கடலெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், கடுகு, சீரகம் ஒரு டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன் தட்டினது, வரமிளகாய் 3, சின்ன வெங்காயம் 12, பூண்டு 6 பல், கறிவேப்பிலை. வதங்கினதும் தக்காளி 1, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன். ஊறின அரிசி பருப்பைப் போட்டு ஒரு நிமிஷம் பிரட்டி, 4 டம்ளர் கொதிக்கிற தண்ணி, ஒண்ணரை டீஸ்பூன் உப்பு. பக்கத்து அடுப்புல தண்ணி கொதிச்சுட்டு இருந்தா விசில் வர்ற நேரம் 5 நிமிஷம் மிச்சம். முதல் விசில் வந்ததும் சிறுதீயில 7 நிமிஷம்.

அடி புடிக்கறதுக்குக் காரணம் வதக்கல் அடியில ஒட்டிக்கறதுதான். தண்ணி ஊத்தினதும் கரண்டியால அடியச் சுரண்டி விட்டு, அப்பறம் மூடுங்க. ஆவி அடங்கினதும் தொறந்து பாத்தா தண்ணி கொஞ்சம் சாஸ்தியாத் தெரியும். அது அப்படித்தான் இருக்கணும். பருப்பு மாவு உறிஞ்சி உறிஞ்சி மத்தியானத்துக்குள்ள இறுகிரும். வெடியால உதிரியா இருந்தா டப்பாவுல கட்டியாத்தான் கெடக்கும்.

திருப்பூர்_பனியன்

அக்கா, எந்த அரிசி? இட்லி அரிசி மாதிரி குண்டுப் புழுங்கல்ல போட்டா பருப்பு கரைஞ்சு அரிசி நறுநறுங்குது.

ஆழியாறு

பொன்னிப் புழுங்கல் போடுங்க கண்ணு, 20 நிமிஷம் ஊறணும். பச்சரிசின்னா 10 நிமிஷம் போதும், தண்ணி மூணரை டம்ளர். குண்டு அரிசிதான் இருக்குன்னா ராத்திரியே அரிசியை மட்டும் ஊறப் போட்டு ஃபிரிட்ஜுல வெச்சுருங்க. பருப்பை வெடியால கழுவிச் சேத்துக்கலாம். அவரைக்கொட்டை, பச்சை மொச்சை வர்ற காலத்துல ஒரு கைப்பிடி கூடவே போடுங்க, தனியாத் தொட்டுக்க எதுவும் வேண்டியதில்லை.

ஊத்துக்குளி_ரோடு

டப்பா கெடறதைப் பத்தி. சித்திரை, வைகாசியில பச்சைத் தேங்காய் அரைச்ச தொவையல் மத்தியானம் வரைக்கும் தாங்காது. அந்த ரெண்டு மாசம் தேங்காய்த் தொவையலை வீட்டோட நிறுத்திக்குங்க. டப்பாவுக்குப் பொடிதான் சரி. கொள்ளு 100 கிராம், கருப்பு எள்ளு 50 கிராம், உளுந்து 50 கிராம், வரமிளகாய் 10, பூண்டு தோலோட 8 பல், கறிவேப்பிலை ரெண்டு கைப்பிடி, உப்பு. ஒவ்வொண்ணையும் தனித்தனியா சிறுதீயில வறுக்கணும். கொள்ளு வெடிக்க ஆரம்பிச்சு உள்ள பொன்னிறமாகற வரைக்கும், எள்ளு பொரிஞ்சு அடங்கற வரைக்கும், பூண்டும் கறிவேப்பிலையும் ஈரம் சுத்தமா வத்தற வரைக்கும். நல்லா ஆறின பொறகு அரைக்கணும். எள்ளைக் கடைசியா ஒரே சுத்து. முதல்லயே போட்டா எண்ணெய் விட்டுக் கட்டியாயிரும். மூணு வாரம் கெடாது. எள்ளுல கால்சியம் நெம்ப இருக்கு, பால் விட்டவங்க தெனம் ஒரு டேபிள்ஸ்பூனாவது சாப்பிடணும்.

சோறு கொதிக்கக் கொதிக்க டப்பாவுல அடைச்சு மூடினா மூடியில வேர்த்த தண்ணி சோத்துல சொட்டும். தட்டத்துல 5 நிமிஷம் பரப்பி ஆவி போனதும் அடைச்சுருங்க. முந்தின ராத்திரிச் சோத்தை வெளிய வெச்சுட்டு வெடியால தாளிச்சு டப்பாவுல போடறது வேண்டவே வேண்டாம். சோத்துல இருக்கிற பேசில்லஸ் சீரியஸ் கிருமியோட வித்து வேக வெச்சாலும் சாகாது. வெளிய கெடக்கற நேரத்துல அது பெருகி விடற நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. மிஞ்சின சோறு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்குப் போயிரணும்.

நொய்யல்கரை

பொழுதோட 30 நிமிஷத்துக்குச் சப்பாத்தி தவிர வேற வழி இருக்குங்களா? வந்த களைப்புல மாவு பெசைய முடியறதில்லை.

காவிரிப்பாலம்

ராகிக்களி 15 நிமிஷந்தாங்க. மாவு 1 டம்ளர், தண்ணி ரெண்டேகால் டம்ளர். ஒரு டேபிள்ஸ்பூன் மாவைக் கால் டம்ளர் பச்சைத்தண்ணியில கரைச்சு, கொதிக்கிற 2 டம்ளர் தண்ணியில ஊத்துங்க. தண்ணி கஞ்சி மாதிரி ஆனதும் மிச்ச மாவை நடுவுல குவியலாக் கொட்டி, களிக்கிண்டியால நடுவுல ஒரு குழி விட்டு, மூடி, சிறுதீயில 6 நிமிஷம். அது வரைக்கும் கிண்டவே கூடாது. மாவு ஆவியில வேகறதுக்கு முன்னாடி கிண்டினா வெளிப்பக்கம் வெந்து உள்ள பச்சை மாவு மாட்டிக்கும், அதுதான் கட்டி. அப்பறம் தீய அணைச்சுட்டு அழுத்திக் கிண்டணும். ஈரக் கையில தொட்டா ஒட்டக்கூடாது, அதுதான் பதம். தொட்டுக்க ஃபிரிட்ஜுல இருக்கிற தட்டைப்பயறுல வதக்கலும் புளித்தண்ணியும் போட்டுக் கொதிக்க விட்டா 10 நிமிஷத்துல குழம்பு. 100 கிராம் ராகியில 350 மில்லிகிராம் கிட்ட கால்சியம் இருக்கு.

கம்பு மாவு மட்டும் மொத்தமா அரைச்சு வெக்காதீங்க. கம்புல கொழுப்பு சாஸ்தி, அரைச்ச மாவு ரெண்டு வாரத்துல கசந்துரும். முழுக் கம்பா வெச்சு அப்பப்ப மிக்சியில உடைச்சுக்குங்க.

களி புடிக்காத நாளைக்குப் பள்ளிபாளையம் பாணியில காளான், கூட சோறு. காளான் 200 கிராம், சின்ன வெங்காயம் 20, பல்லுப் பல்லா நறுக்கின தேங்காய் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், கடலெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன். வரமிளகாய் 10, கிள்ளி விதைய முழுசா உதறீருங்க. உதறினா காரம் குறைஞ்சு நிறமும் வாசமும் வரும். மசாலாத் தூள் எதுவும் கிடையாது. மிளகாய் எண்ணெய்ல கருகாம செவக்கணும், அப்பறம் வெங்காயம், தேங்காய், கடைசியாக் காளான். அகலமான சட்டி, பெருந்தீ. சின்னச் சட்டியில குமிச்சுப் போட்டா காளான் தண்ணி விட்டு வேகுமே தவிர வறுபடாது. உப்பு இறக்கறதுக்கு 2 நிமிஷம் முன்னாடி.

காளான்ல புரதம் கம்மின்னு நெனச்சா அதே பக்குவத்துல 50 கிராம் மீல்மேக்கர் போடலாம், அதுல 25 கிராம் புரதம் இருக்கு. உப்புப் போட்ட சுடுதண்ணியில 10 நிமிஷம் ஊற வெச்சு, ரெண்டு தடவை பச்சைத்தண்ணியில அலசிப் புழிஞ்சாத்தான் அந்தச் சோயா வாடை போகும்.

திருப்பூர்_பனியன்

தயிருக்கு என்ன பண்றதுங்க? கம்பங்கூழுக்கு மோர் இல்லாம இறங்க மாட்டேங்குது.

மத்துச்சட்டி

நிலக்கடலைத் தயிர் போடலாம். 100 கிராம் வறுக்காத நிலக்கடலைப் பருப்பை 8 மணி நேரம் ஊற வெச்சுத் தோலை உரிச்சு, 400 மில்லி தண்ணி விட்டு அரைச்சு மெல்லிசுத் துணியில புழியுங்க. சிறுதீயில கிண்டிக்கிட்டே 8, 10 நிமிஷம் காய்ச்சணும். சரியாக் காய்ச்சலைன்னா பச்சை வாடை போகாது, தயிர் தண்ணியாப் பிரியும். விரல் பொறுக்கற சூட்டுக்கு ஆறினதும் காம்போட 8 பச்சைமிளகாயைக் கழுவிப் போட்டு மூடி வெச்சா வெயில் காலத்துல 7 மணி நேரம், மார்கழியில 12 மணி நேரம். ஒருக்கா ஒறஞ்சுருச்சுன்னா அடுத்த தடவைக்கு அதுலேயே ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து ஒறை ஊத்திக்கலாம், இன்னும் கெட்டியா வரும். 3 நாளைக்கு மேல வெக்காதீங்க. மேல செவப்பாவோ பச்சையாவோ புள்ளி தெரிஞ்சா எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடலாம்னு நெனைக்காம மொத்தத்தையும் கொட்டீருங்க.

பெருந்துறை_நைட்ஷிப்ட்

நீராகாரம் குடிச்சா பி12 கெடைச்சுரும்னு சொல்றாங்களே, உண்மைங்களா?

கிணத்துத்தண்ணி

அதை நம்பி இருக்காதீங்க தம்பி. நீராகாரம் வயித்துக்கு நல்லது, ஆனா பி12-க்கு அதுவோ கீரையோ பயறோ கணக்கில்லை. பாலும் முட்டையும் முழுசா விட்டவங்க பி12 மாத்திரையோ, பி12 சேத்த உணவோ எடுத்தே ஆகணும். கல்லீரல்ல இருக்கிற சேமிப்பு வருஷக்கணக்குல ஓடும், அதனால ஒண்ணும் ஆகலைன்னு தோணும். அது தீர்ந்த பொறகுதான் கை கால் மரத்துப் போறது, மறதி, ரத்தசோகைன்னு வரும். நரம்புல வந்த சேதம் சில பேருக்குத் திரும்பாது. டாக்டர்கிட்ட ரத்தப் பரிசோதனை பாத்து அளவு கேட்டுக்குங்க.

இரும்புச்சத்துக்கு வழி இருக்கு. கொள்ளு, கீரையில இருக்கிற இரும்பு தனியா நல்லா ஒட்டாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தா ஒட்டும். டீ, காப்பி தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. கடைசியா ஒண்ணு, ரெண்டு பர்னர்ல 40 நிமிஷத்தை எப்படிப் பிரிக்கறது? கீரையும் வேணும்.

ஆழியாறு

கீரையை ராத்திரியே ஆஞ்சு, கழுவாம, பருத்தித் துணியில சுத்தி ஃபிரிட்ஜுல வெச்சுருங்க. கழுவி வெச்சா அழுகும்.

வெடியால எந்திரிச்சதும் அரிசியும் பருப்பும் கழுவி ஊறட்டும். அந்த 20 நிமிஷம் அடுப்புப் பக்கம் நீங்க நிக்க வேண்டியதில்லை, குளிச்சுட்டு வந்துரலாம். அப்பறம் ஒரு பர்னர்ல 4 டம்ளர் தண்ணி, இன்னொண்ணுல குக்கர் தாளிப்பு. வாரத்து வதக்கல் இருந்தா 3 டேபிள்ஸ்பூன் போட்டாப் போதும், வெங்காயம் தக்காளி தனியா வேண்டாம், உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க. குக்கரை மூடறதுக்கு 8 நிமிஷம் ஆகும். தண்ணி வெச்ச பர்னர் காலியானதும் அதுல கீரை. ஒரு கட்டுக்குக் கால் டம்ளர் தண்ணி, 5 பல் பூண்டு, 2 பச்சைமிளகாய், மூடாம 6 நிமிஷம். மூடி வெச்சா, குக்கர்ல போட்டா, நிறம் காக்கியாயிரும். கல்லுப்பு கடைசியாப் போட்டுச் சட்டியில கடைஞ்சு எடுக்கறதுக்குள்ள குக்கர் தீய அணைச்சிருப்பீங்க. ஆவி அடங்கற 10 நிமிஷத்துல டப்பா கழுவி, பொடி எடுத்து வெக்கலாம். புளிச்ச கீரையா இருந்தா மட்டும் பயறோட சேத்து வேக வெக்காதீங்க, கிணத்துத்தண்ணி அண்ணா சொன்ன அதே புளிப்புக் கணக்குதான், பயறு வேகாது. தனியா வேக வெச்சு, வெந்த பயறுல கலந்து கடையுங்க.

பெருந்துறை_நைட்ஷிப்ட்

ஃபிரீசர்ல வெச்ச பயறை வெடியால எப்படி எடுக்கறதுங்க? கல்லு மாதிரி கட்டியாயிருது.

மத்துச்சட்டி

150 கிராம், 200 கிராமாப் பிரிச்சு, சிப் வெச்ச கவர்ல விரல் கனத்துக்குத் தட்டையாப் பரப்பி வெச்சுப் பழகுங்க, டப்பாவுல குமிச்சு வெக்க வேண்டாம். தட்டையா இருந்தா அப்படியே உடைச்சு, கொதிக்கிற வதக்கல் தண்ணியில போட்டா 4 நிமிஷத்துல உருகிரும். ராத்திரியே எடுத்துக் கீழ் அறையில வெச்சாலும் சரி. வெளிய மேடையில வெச்சு உருக விடாதீங்க. உருகினதைத் திரும்ப ஃபிரீசர்ல வெக்கவும் கூடாது. உருளைக்கிழங்கு போட்ட குழம்பை மட்டும் ஃபிரீசர் பக்கம் கொண்டு போகாதீங்க, கிழங்கு பஞ்சு மாதிரி ஆயிரும்.